பூங்காவுக்காக நான் எழுதிய மனு

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், தள்ளிப்போட்டால் எனக்குத் தைரியம் போய்விடும். ராஜபாளையத்தில் எங்கள் வீட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருந்த பூங்காவைக் கெடுத்தவள் நான். பூங்கா இன்றைக்கும் இருக்கிறது. முன்னைவிட அழகாகவே இருக்கிறது. அதுதான் சங்கடம்.

என் அண்ணனுக்குப் பிறவியிலேயே காது கேட்காது. ஸ்பின்னிங் மில்லில் வேலை. அங்கே மெஷின் சத்தத்தில் எல்லோருமே கையைக் காட்டித்தான் பேச வேண்டும் என்பதால் மேஸ்திரிக்கு அவனைப் பிடித்துப் போயிற்று. “மத்தவனுக்கெல்லாம் பத்து வருசத்துல காது போவும். உம்ம மகன் ரெடிமேடா வந்துட்டான்வே” என்று அப்பாவிடம் சொல்லிச் சிரித்தாராம். அப்பாவும் கூடச் சிரித்துவிட்டு வந்தார். அன்று அவர் சாப்பிடவில்லை.

வீட்டில் எங்களுக்குள் ஓர் இருபது சைகை இருந்தது. சாப்பாடு, தண்ணீர், மில், தூக்கம். மீசையைத் தொட்டால் அப்பா, மூக்குத்தியைத் தொட்டால் அம்மா, சடையைப் பிடித்து இழுப்பதுபோல் காட்டினால் நான். வேண்டும், வேண்டாம், எங்கே, ஏன். அம்புட்டுத்தான். அவனுக்குத் தேவையும் அவ்வளவுதான் என்று நினைத்திருந்தோம். மில்லுக்குப் போவான், வருவான், தட்டைப் பார்த்துச் சாப்பிடுவான், சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வான். மந்தமானவன் என்று சொந்தக்காரர்கள் எங்கள் முன்னாலேயே பேசுவார்கள். அவனுக்கு முன்னாலும்தான்.

நான் பிளஸ் டூ படித்த வருடம் அம்மாவுக்கு ஒரு சந்தேகம் வந்தது.

“ஏட்டி, உங்கண்ணன் ஞாயித்துக்கெழம ஆனா பவுடரப் பூசிக்கிட்டு எங்க போறான்? எவன்கூடயாச்சும் சேந்து குடிக்கப் பழகிட்டானோ என்னமோ. செத்த நேரம் அவன் பின்னாலயே போய்ப் பாத்துட்டு வா.”

போனேன். எனக்கு இந்த மாதிரி வேலையென்றால் சொல்லவே வேண்டாம், செருப்பைக்கூட ஒழுங்காக மாட்டவில்லை.

அவன் பூங்காவுக்குள் போனான். பூங்கா என்று பெயர்தான். சுற்றுச்சுவர் மூன்று பக்கம் இடிந்து கிடந்தது. ஆடுகள் ஒரு வழியாக வந்து இன்னொரு வழியாகப் போகும். ஓர் ஓரத்தில் ஓய்வு பெற்ற கிழவர்கள் சீட்டாடுவார்கள். நடுவில் ஒரு தூங்குமூஞ்சி மரம், மரத்தைச் சுற்றி வட்டமாக ஒரு சிமெண்டு மேடை. அதில் எட்டுப் பேர் உட்கார்ந்திருந்தார்கள். அண்ணன் அவர்களுக்கு எதிரே நின்று வயிற்றை முன்னால் தள்ளி, நெற்றியில் ஏற்றிவிட்ட கண்ணாடியை வீடு முழுக்கத் தேடிக்கொண்டிருந்தான். எங்கள் அப்பா! அப்படியே அப்பா! கண்ணாடி கிடைக்காத ஆத்திரத்தில் அம்மாவைத் திட்டுகிறார், அம்மா மூக்குத்தியைத் திருகிக்கொண்டு பதிலுக்குத் திட்டுகிறாள், இரண்டு பேரும் அவனே. எட்டுப் பேரும் சிரித்த சத்தம் நாம் சிரிக்கிற சத்தம் போல இல்லை. தொண்டைக்குள்ளிருந்து கரகரவென்று வந்தது. சீட்டுக்காரர்கள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, பழகிவிட்டது போலிருக்கிறது.

ஒரே வீட்டில் பதினேழு வருடம் இருந்தும் என் அண்ணன் வேடிக்கையானவன் என்பது எனக்குத் தெரிந்திருக்கவில்லை.

“பூங்காவுலதான்மா இருக்கான், சிநேகிதங்களோட பேசிக்கிட்டு” என்று வந்து சொன்னேன்.

“பேசத் தெரியாதவனுக்கு என்னட்டி சிநேகிதம்?” என்றாள் அம்மா.

அதற்குப் பிறகு மூன்று வருடம், கல்லூரிக்குப் போன பின்பும், பாதி ஞாயிற்றுக்கிழமைகள் நானும் கூடப் போனேன். ஒன்பது பேரும் காது கேளாதவர்கள். ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்திலிருந்து ஒரு டெய்லர் பஸ் ஏறி வருவார். விடுதிப் பள்ளியில் படித்தவர், ஒழுங்கான கைமொழி அவருக்குத்தான் தெரியும், மற்றவர்கள் அவரிடமிருந்து பிடித்துக்கொண்டார்கள். ஆலங்குளத்துச் சுண்ணாம்புக்கல் குவாரியில் வேலை பார்க்கும் ஒருவர். கான்சாபுரத்திலிருந்து ஒரு பெண். அவளை அவளுடைய அம்மா கூட்டிவருவாள். அந்த அம்மாவும் நானும்தான் அங்கே காது கேட்கிறவர்கள். நாங்கள் இரண்டு பேரும் ஒதுங்கி உட்கார்ந்து நிலக்கடலை தின்போம். அவர்களுடைய கைகள் போகிற வேகத்துக்கு எனக்கு ஒன்றும் பிடிபடாது. ஒரு படம் பார்ப்பது போலப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

அவர்களுக்குள் பெயரும் வேறு. ஊசியில் நூல் கோர்ப்பது போலக் காட்டினால் டெய்லர். சட்டைக் கையைத் தட்டிவிட்டால் ஆலங்குளத்துக்காரர், தூசிக்காக. கன்னத்தில் விரலை அழுத்தினால் கான்சாபுரத்துப் பெண், அவளுக்குக் குழி விழும். தலைமுடியிலிருந்து பஞ்சை எடுத்து ஊதினால் என் அண்ணன். வீட்டில் வைத்த பெயர் எதற்கு, அவர்கள் யாரும் அதைக் கேட்டதில்லையே.

ஏன் பூங்கா என்று அப்போதே யோசித்திருக்கிறேன். டீக்கடையில் கிளாஸ் காலியானால் எழுந்துவிட வேண்டும், கையில் கிளாஸ் இருந்தால் பேசவும் முடியாது. பஸ் ஸ்டாண்டில் கையை வீசிப் பேசினால் கூட்டம் கூடி வேடிக்கை பார்க்கும். கோயிலுக்குப் போகலாம் என்றால் மூன்று பேர் சர்ச்சுக்குப் போகிறவர்கள். ஊரோ பெருத்துக்கொண்டே போனது. காலி மனையெல்லாம் கட்டடமானது, எந்த இடத்தில் நின்றாலும் “யாரு, என்ன வேணும்?” என்று கேட்க ஒருத்தர் வந்துவிட்டார். பூங்காவில்தான் யாரும் கேட்கவில்லை. வட்டமாக உட்கார்ந்தால் ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரிந்தது. அது போதும் அவர்களுக்கு.

அது போதும் என்று எனக்குத்தான் தெரியவில்லை.

ஒரு கார்த்திகை மாதம் மேடைக்கு மேலே இருந்த டியூப்லைட் பியூஸ் ஆனது. ஆறு மணிக்கே இருட்டிவிடும். இருட்டினால் அவர்கள் பேச்சு நின்றுவிடும். டெய்லர் தீக்குச்சியைக் கிழித்துக் கிழித்துப் பிடித்து ஒரு கதையை முடித்ததைப் பார்த்ததும் எனக்குப் பொறுக்கவில்லை. மறுநாளே பூங்காவின் பொறுப்பில் இருந்த அலுவலகத்துக்கு ஒரு காகிதம் எழுதிக்கொண்டு போனேன்.

அங்கிருந்த கிளார்க் நல்ல மனிதர்தான். வாசித்துப் பார்த்துவிட்டு, “ஏம்மா, ஒத்த லைட்டுக்குன்னு எழுதினா இந்தக் காயிதம் இங்கனயே கெடந்து தூங்கும். காலேசுல படிக்கிய, பெருசா எழுதிக் கொண்டா. பொதுமக்கள்னு போடு. எம்புட்டுக் கையெழுத்து வாங்க முடியுமோ வாங்கு” என்றார்.

இதைவிட எனக்கு வேறென்ன வேண்டும்? அன்றைக்கே கார்பன் தாள் வைத்து எழுதினேன். லைட் முதல் கோரிக்கை. பிறகு கை நிற்கவில்லை. சுற்றுச்சுவர் வேண்டும், கேட் வேண்டும், ஆடு மாடு வரக் கூடாது, சீட்டாட்டத்தை நிறுத்த வேண்டும், காவலாளி வேண்டும், திறக்கும் நேரம் மூடும் நேரம் வேண்டும், புல்தரை வேண்டும், அதைப் பாதுகாக்க வேண்டும், நல்ல பெஞ்சுகள் வேண்டும், செயற்கை நீரூற்று வேண்டும். மொத்தம் பதினொன்று. நீரூற்று ஒரு வாரப் பத்திரிகையில் படம் பார்த்து ஆசைப்பட்டது. கல்லூரித் தோழிகள், சைக்கிள் கடை, அரிசிக் கடை, எதிர்வீட்டுத் தெலுங்குக்கார அக்கா என்று எல்லோரிடமும் கையெழுத்து வாங்கினேன். அந்த ஒன்பது பேரிடம் மட்டும் வாங்கவில்லை. எப்படி விளக்கிச் சொல்வது, எதற்குச் சிரமம் என்று விட்டுவிட்டேன். அவர்களுக்காகத்தானே எழுதுகிறேன் என்று வேறு இருந்தது.

பதில் கார்டு வந்தபோது நான் வீட்டுக்குள் குதித்தேன். ஆவன செய்யப்படும் என்று அச்சில் இருந்தது. அம்மாவுக்கு இரண்டு தடவை வாசித்துக் காட்டினேன்.

ஆவன செய்தார்கள். தை பிறந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை அண்ணன் பவுடர் போட்டுக்கொண்டு போனவன் அரை மணி நேரத்தில் திரும்பி வந்தான். இரண்டு கையையும் சேர்த்துக் கதவு மூடியிருப்பதாகக் காட்டினான். ஓடிப்போய்ப் பார்த்தேன். சுற்றித் தகரம் அடித்து, பணி நடைபெறுகிறது, அனுமதி இல்லை என்று போர்டு வைத்திருந்தார்கள். எனக்குச் சந்தோஷம்! அடுத்த வாரம் வேறு எங்காவது கூடுங்களேன் என்கிற மாதிரி அவனிடம் கையை விரித்தேன்.

எங்கே என்று கேட்டான்.

அப்போதுதான் உறைத்தது. யார் வீடும் யாருக்கும் தெரியாது. போன் இல்லை, எழுத வாசிக்க டெய்லரைத் தவிர யாருக்கும் வராது. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அந்த மேடை. அவர்கள் ஒருவருக்கொருவர் வைத்திருந்த விலாசமே அதுதான். அன்று ஒவ்வொருவரும் ஒவ்வொரு நேரத்தில் வந்து தகரத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பியிருக்கிறார்கள். அதற்கடுத்த வாரம் அண்ணனும் இன்னும் இரண்டு பேரும் தகரத்துக்கு வெளியே ரோட்டில் நின்று பேசினார்கள். லாரிக்கு வழிவிட்டு வழிவிட்டு எவ்வளவு நேரம் பேச முடியும்? அதற்கும் அடுத்த வாரம் அவன் மட்டும் போய் நின்றுவிட்டு வந்தான்.

நான் தேடிக் கிளம்பினேன். ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பஸ் ஏறிப் போய், மடவார் வளாகத்தில் தெருத் தெருவாக விசாரித்தேன். என்ன பெயர் சொல்லி விசாரிப்பது? ஊசியில் நூல் கோர்ப்பது போலக் காட்டினால் பைத்தியம் என்பார்கள். கடைசியில் ஒரு பட்டன் கடைக்காரர் சொன்னார்.

“நம்ம ஊமை டெய்லரையா கேக்குத? மிஷினத் தூக்கிட்டுத் திருப்பூருக்குப் போயிட்டான்லம்மா. மாசிலயே போயிட்டான். ஏன், துணி குடுத்திருந்தியளோ?”

“இல்ல, எங்கண்ணனுக்குச் சிநேகிதர்.”

“அவனுக்கு ஏதும்மா சிநேகிதம்? யார்கூடவும் பேச மாட்டானே” என்றார் அவர்.

ஆலங்குளத்துக்காரரை என்னால் கண்டுபிடிக்கவே முடியவில்லை. குவாரிப் பக்கம் போகாதே என்று அப்பா தடுத்துவிட்டார். மற்றவர்கள் எந்த ஊர் என்பதே தெரியாது. கான்சாபுரம் சின்ன ஊர், அங்கே மட்டும் விசாரித்து வீட்டைப் பிடித்துவிட்டேன். அந்த அம்மா என்னைப் பார்த்ததும் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“தொறந்துட்டாகளா தாயி? இவளப் பாரு, கையே எந்திரிக்க மாட்டேங்குது. முந்தி ஆடு மேய்க்கையில தனியா நின்னு கையாட்டிக்கிட்டே இருப்பா, நாயித்துக்கெழம சொல்லுததுக்குச் சேத்து வச்சிக்கிடுதாளாம். இப்ப எதுக்குன்னு விட்டுட்டா.”

ஆனியில் பூங்காவைத் திறந்தார்கள். நான் கான்சாபுரத்துக்குத் தகவல் சொல்லி அனுப்பினேன். முதல் ஞாயிற்றுக்கிழமை அண்ணன், நான், அந்த அம்மா, மகள், நான்கு பேரும் உள்ளே போனோம். லேசான சாரல். லைட் இருந்தது. ஒன்றுக்கு எட்டாக இருந்தது. தூங்குமூஞ்சி மரம் இல்லை, மேடையும் இல்லை. அந்த இடத்தில் நான் கேட்ட நீரூற்று. பெஞ்சுகள் எல்லாம் நீரூற்றைப் பார்த்து ஒரே வரிசையில் இருந்தன. பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தால் அவர்களுக்கு ஒருவர் கை ஒருவருக்குத் தெரியாது. அண்ணனும் அந்தப் பெண்ணும் கொஞ்ச நேரம் நின்று பார்த்தார்கள். பிறகு புல்லில் எதிரெதிரே உட்கார்ந்தார்கள். அண்ணன் கை மெதுவாகத்தான் தொடங்கியது. பிறகு வேகம் பிடித்தது. மில்லுக்கு வந்த புது மேஸ்திரியை நடித்துக் காட்டினான் போலிருக்கிறது, கழுத்தை ஒரு பக்கம் சாய்த்துக்கொண்டு நடக்கிற ஆள். அந்தப் பெண்ணுக்குக் கன்னத்தில் குழி விழுந்தது.

விசில் சத்தம் கேட்டது. எங்களுக்குக் கேட்டது. நாங்கள் எழுந்து போவதற்குள் காவலாளி வந்து கம்பால் அண்ணன் தோளில் குத்திவிட்டார். “ஏலே, எத்தன வாட்டி ஊதுதேன், புல்லுல உக்காராதேன்னு!”

“அண்ணாச்சி, அவனுக்குக் காது கேக்காது” என்றேன்.

“கேக்கலன்னா போர்டு இருக்குல்லம்மா. வாசிக்கச் சொல்லு.”

“வாசிக்கவும் தெரியாது.”

“பொறவு எதுக்குப் பூங்காவுக்கு வாரான்?” என்றார். கோபமாகக் கூட இல்லை, நிஜமாகவே புரியாமல் கேட்டார். பிறகு என் முகத்தைப் பார்த்துக் குரலைத் தணித்துக்கொண்டார். “நானா ரூல் போட்டேன்? பொதுமக்கள் மனு குடுத்திருக்காகளாம். ஆபீசுல சொல்லுதாக.”

அந்த அம்மா மகளை எழுப்பி, பாவாடையில் ஒட்டிய ஈரப் புல்லைத் தட்டிவிட்டாள். “வாரோம் தாயி” என்றாள். அதற்குப் பிறகு அவர்கள் வரவில்லை. நானும் கூப்பிடவில்லை.

அண்ணன் இன்னும் மில்லுக்குப் போகிறான், வருகிறான், தட்டைப் பார்த்துச் சாப்பிடுகிறான். ஞாயிற்றுக்கிழமை ஓவர்டைம் கேட்டு வாங்கிக்கொண்டான். பொறுப்பு வந்துவிட்டது என்று அம்மாவுக்குத் திருப்தி. நான் அலுவலகத்துக்கு மறுபடி எழுதினேன், வட்டமாக ஒரு மேடை வேண்டும் என்று. ஒற்றைக் கோரிக்கை. பதில் வரவில்லை.

போன மாதம் அவன் ஷிஃப்டுக்குக் கிளம்பும்போது எதிரே போய் உட்கார்ந்தேன். சொல்லிவிட வேண்டும் என்று இருந்தது. என்னைக் காட்டினேன். எழுதுவது போலக் காட்டினேன். காகிதம். இரண்டு கையையும் சேர்த்து மூடிய கதவைக் காட்டினேன். மறுபடி என்னைக் காட்டினேன். அவனுக்குப் புரிந்துவிட்டது. முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. ஏன் என்று கேட்டான்.

உங்களுக்கு வெளிச்சம் வேண்டும் என்று நினைத்தேன், உன்னைக் கேட்கத் தோன்றவில்லை. இதை எப்படிக் கையால் சொல்வது? டெய்லருக்குத் தெரிந்திருக்கும். ஆலங்குளத்துக்காரருக்குத் தெரிந்திருக்கும். நான் லைட்டைக் காட்டினேன், பிறகு கையை மடியில் வைத்துக்கொண்டேன். அவன் என் கைகளையே பார்த்துக்கொண்டு காத்திருந்தான். மில் சங்கு ஊதியது. நான்தான் எழுந்து அவனுடைய சாப்பாட்டுத் தூக்கை எடுத்துக் கொடுத்தேன்.