சண்முகநாதன் அண்ணை செய்த விசைப்பலகை

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் சண்முகநாதன் அண்ணையின் கதையைச் சொல்லப் போனால் என் வாயின் கதையும் கூடவே வரும்.

1993இல் சுன்னாகத்தில் ஒரு நிவாரணச் சங்கத்தில் நான் தட்டச்சு செய்துகொண்டிருந்தேன். குருநகரில் எங்கள் வீடு கடற்கரைப் பக்கம். அங்கே இருக்க முடியாமல் போய் மூன்று வருடமாகியிருந்தது. சங்கத்தில் ஒரே ஒரு கொம்பியூட்டர். மின்சாரம் என்ற சொல்லையே சனம் மறந்திருந்த காலம். சிறிய ஜெனரேற்றரை ஒரு மூடி பெற்றோல் விட்டு இழுத்து, இரைந்ததும் மண்ணெண்ணெய்க்கு மாற்றி, பகலில் ஒன்றரை மணித்தியாலம் மட்டும் ஓட்டுவோம். அதற்குள் இடம்பெயர்ந்த குடும்பங்களின் பெயர்ப்பட்டியல் அடித்தாக வேண்டும். பட்டியலில் பெயர் சரியாக இருந்தால்தான் கடையில் மாவும் அரிசியும் கொடுப்பார்கள்.

அந்தக் கொம்பியூட்டருக்கு வைத்தியர் சண்முகநாதன் அண்ணை. கொழும்பில் மின்னணுப் பொருட்கள் திருத்தும் வேலையில் இருந்தவர், 83 ஆடிக் கலவரத்தில் உடுத்த துணியோடு கப்பலேறி வந்தவர். அதிகம் பேசமாட்டார். மனைவி குணலட்சுமியும் பதினொரு வயது மகளும் முந்தின வருடமே கொழும்புக்குப் போய் வெள்ளவத்தையில் ஒரு லொட்ஜில் இருந்தார்கள். கனடாவிலிருந்து மனைவியின் தமையன் கூப்பிடுகிறார். தூதரகத்தில் நேர்முகம் செப்ரெம்பர் இருபதாம் திகதி. மூன்று பேரும் நேரில் வரவேண்டும்.

கொழும்புக்குப் போகக் கிளாலிக் கடலைத் தாண்டவேண்டும், அதற்கு இயக்கத்தின் பாஸ் வேண்டும். பாஸ் எடுக்க, ‘இவர் இல்லாமலும் எங்கள் வேலை நடக்கும்’ என்று சங்கத் தலைவர் கடிதம் தரவேண்டும். தலைவர் தம்பிஐயா மாஸ்ரர், ஓய்வுபெற்ற அதிபர். கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். பள்ளிக்கூடத்தில் கெட்டிக்காரப் பிள்ளையை வேறு பள்ளிக்குப் போக விடுகைப் பத்திரம் எடுக்க விடாத அதிபர்மார் இருப்பார்கள் அல்லவா, அந்த வகை.

“கொம்பியூட்டர் ஓடுற வரைக்கும் நில்லும். பிறகு பாப்பம்” என்பார்.

மே மாதம் பக்கத்து வளவில் குண்டு விழுந்த அதிர்ச்சியில் சங்கக் கூரையிலிருந்து ஓடு ஒன்று கழன்று, நேரே விசைப்பலகையின் மேல் விழுந்தது. கொம்பியூட்டருக்கு ஒரு கீறலும் இல்லை. விசைப்பலகை இரண்டு துண்டு. புதிது கொழும்பிலிருந்துதான் வரவேண்டும்; வவுனியாச் சோதனைச்சாவடியில் பற்றறியையே மறிக்கிற ஆமிக்காரன் விசைப்பலகையை விடுவானா?

மாஸ்ரர் அண்ணையைப் பார்த்தார். அண்ணை மூலையில் கிடந்த பழைய தமிழ்த் தட்டச்சுப்பொறியைப் பார்த்தார்.

அவரிடம் மைக்ரோகொன்ட்ரோலர் என்ற மின்னணுச் சில்லு ஒன்று இருந்தது. சுண்டுவிரல் நீளம், நாற்பது கால், முதுகில் சின்னக் கண்ணாடி யன்னல். தட்டச்சுப்பொறியின் ஒவ்வொரு விசைக்கும் கீழே தகரத்துண்டு வெட்டிப் பூட்டி, கம்பி இழுத்து, எல்லாவற்றையும் அந்தச் சில்லுக்குக் கொண்டுபோனார். எந்த விசை அமர்ந்தது என்று சில்லு பார்க்கும். பிறகு உண்மையான விசைப்பலகை அனுப்புகிற அதே குறியைக் கொம்பியூட்டருக்கு அனுப்பும்.

“அப்ப இது கொம்பியூட்டருக்குப் பொய் சொல்லுற சாமான்” என்றேன்.

“ஓம். ஆனால் முறையாச் சொல்லவேணும். ஒரு சொல்லுப் பிசகினாலும் அது நம்பாது.”

அந்தப் பொய்யைச் சில்லுக்குள் ஏற்றுவதற்குத்தான் பாடு. இரண்டு லொறிப் பற்றறியைத் தொடுத்து, எட்டுச் சுவிச்சுகளை மேலும் கீழுமாகத் தட்டி, ஒரு பொத்தானை அமத்த ஒரு எண் பதியும். அப்படி நானூறு எண்கள். ஒன்று பிழைத்தாலும் எல்லாவற்றையும் அழிக்கவேண்டும். அழிக்கும் கருவி இல்லாததால், யன்னல் மேலே பார்க்கச் சில்லை வெயிலில் வைப்பார்; யன்னல் வழியே வெயில் பட்டுப் பட்டுப் பதிந்ததெல்லாம் அழியும். அவித்த பனங்கிழங்கு புழுக்கொடியலாகக் காயும் பாயில் ஒரு ஓரமாக அதுவும் காயும். ஒரு கிழமைக்கு மேல் ஆகும். இரண்டு தரம் அப்படிக் காய்ந்தது.

ஜூலைக் கடைசியில் வேலை செய்தது. நான் விசையை அடிக்கத் திரையில் எழுத்து வந்தது. சிரித்துக் காணாத மனிதர் சிரித்தார். நான் திரையைப் பாராமலே ஒரே மூச்சில் நூற்றிருபது பெயர் அடித்துக் கொடுத்துவிட்டேன்.

மூன்றாம் நாள் இரத்தினம்மா என்ற மனுசி வெறும் பையோடு வந்து நின்றாள்.

“பிள்ளை, பட்டியலிலை நான் இல்லையாம். ஆரோ இர்ததின்மமாவாம். அது ஆர் எண்டு கேட்டுக் கடைக்காரன் துரத்திப்போட்டான்.”

பட்டியலை எடுத்துப் பார்த்தேன். ஏரம்பு ஏர்மபு ஆகியிருந்தார். பாதிப் பேருக்கு மேல் இதே கதி. காரணம் உடனே விளங்கியது. தமிழ்த் தட்டச்சில் புள்ளியை முதலில் குத்தவேண்டும். புள்ளிக்கு, தாளைத் தாங்கி நகரும் வண்டில் நகராது. பிறகு எழுத்தை அடிக்க, அது புள்ளியின் கீழே போய் இருக்கும். கொம்பியூட்டரோ எழுத்துக்குப் பிறகு புள்ளியை எதிர்பார்ப்பது. பழைய விசைப்பலகையில் நான் அப்படியே அடித்தேன். ஆனால் தட்டச்சுப்பொறியின் விசையில் கை பட்டதும் என் விரல்கள் பதினாறு வருடப் பழக்கத்துக்குத் திரும்பிவிட்டன. புள்ளி எல்லாம் முந்தின எழுத்தின் தலையில்.

மாஸ்ரர் தலையில் கைவைத்தார். “உமக்குப் புள்ளியைப் பின்னாலை குத்த ஏலாதோ?”

“ஏலாது மாஸ்ரர். என்ரை விரல் கேக்காது” என்றேன். ஏலும். இரண்டு கிழமை மினக்கெட்டிருந்தால் கட்டாயம் ஏலும். ரோசம் விடவில்லை.

“அப்ப இது சரிவராது. பழையபடி கையாலை எழுதுவம்” என்றவர் அண்ணையின் பக்கம் திரும்பினார். “இனி உம்மை மறிச்சு வைச்சு என்ன பிரயோசனம்? திங்கட்கிழமை கடிதம் தாறன். போய்ச் சேரும்.”

அந்த இடத்தில் நான் வாயைப் பொத்திக்கொண்டு இருந்திருக்க வேண்டும். ஆனால் நாலாயிரம் பெயரைக் கையால் எழுதும் எண்ணமே எனக்கு எரிச்சலைக் கிளப்பியது. இரத்தினம்மாவும் பையோடு அங்கேயே நின்றாள்.

“ஏன் கைவிடவேணும்? அண்ணை நினைச்சால் சில்லையே திருத்தலாம். புள்ளி வந்தால் பிடிச்சு வைச்சுக்கொண்டு, அடுத்த எழுத்தை விட்டிட்டுப் பிறகு புள்ளியை விடட்டுமன். என்ன அண்ணை, ஏலாதோ?”

அண்ணை பட்டியலை வாங்கிக் கனநேரம் பார்த்தார். “ஏலும்” என்றார். “நேர்முகத்துக்கு இன்னும் ஏழு கிழமை கிடக்கு. திருத்திப்போட்டே போறன்.”

சில்லு மறுபடியும் வெயிலுக்குப் போனது. ஓகஸ்ட் இருபதாம் திகதி நான் என் பாட்டில் புள்ளியை முன்னால் குத்தினேன். திரையில் இரத்தினம்மா இரத்தினம்மாவாகவே வந்தாள். ஒரு கிழமைக்குள் பட்டியல் முழுவதும் முடிந்தது. தம்பிஐயா மாஸ்ரர் ஆட்களைக் கூட்டிவந்து காட்டினார். வட்டுக்கோட்டையிலிருந்தும் நெல்லியடியிலிருந்தும் வந்து பார்த்து, தங்களுக்கும் ஒன்று வேண்டும் என்றார்கள்.

அண்ணை கடிதம் கேட்டுப் போனபோது நானும் அறையில் இருந்தேன்.

“சண்முகநாதன், கோவியாதையும். ‘இவர் இல்லாமலும் வேலை நடக்கும்’ எண்டு எழுதச் சொல்லுறீர். இதைக் கண்ட பிறகு எப்பிடி எழுதுவன்? பொய்யெல்லோ? உழுகிற மாட்டை ஆராவது விதைப்பு நேரம் அவிட்டு விடுவினமோ?”

“மாஸ்ரர், செப்ரெம்பர் இருபது.”

“வேறை திகதி கேட்டு எழுதும்.”

கிணறு வெட்டப் பூதம் புறப்பட்ட கதையாயிற்று. அன்று நான் மாஸ்ரரைப் பேசாத பேச்சில்லை. என் வாய்க்கு அன்று மட்டும் ஒரு பலனும் இருக்கவில்லை. வேறு திகதி கேட்டு எழுதிய கடிதம் கொழும்புக்குப் போய்ச் சேரவே மூன்று கிழமை. செப்ரெம்பர் இருபதாம் திகதி காலை அண்ணை வழமைபோல வந்து ஜெனரேற்றரை இழுத்தார். எனக்கு அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

“அண்ணை, அண்டைக்கு நான் கதைக்காமல் இருந்திருந்தால்...”

“நீ சொல்லாட்டியும் செய்திருப்பன் பிள்ளை. பிழையைக் கண்டிட்டன். கண்ட பிழையை விட்டிட்டுப் போக எனக்குத் தெரியாது.”

உண்மையாகத்தான் சொன்னார் என்று நினைக்கிறேன். என் குற்றம் அதனால் குறையவில்லை.

நவம்பரில் குணலட்சுமியின் கடிதம் வந்தது. அண்ணை இல்லாமலே நேர்முகம் நடந்து, தாயையும் மகளையும் மட்டும் கனடாவுக்கு எடுக்கிறார்களாம். தகப்பன் கூட வராதபடியால், பிள்ளையைக் கொண்டுபோகச் சம்மதம் என்று அவர் எழுதிக் கையெழுத்திட்டு அனுப்பவேண்டுமாம். கொழும்பில் மொழிபெயர்த்துக் கொடுப்பார்களாம்.

“கையெழுத்து விளங்காட்டித் திருப்பி அனுப்புவினம். நீ அடிச்சுத் தா, மார்கிரட்” என்றார்.

அவர் செய்த விசைப்பலகையிலேயே அடித்தேன். அவர் பக்கத்தில் நின்று சொல்லச் சொல்ல, எனக்குக் கண்ணீர் வழிந்து திரை தெரியவில்லை. என் மகளைத் தாயுடன் நிரந்தரமாக வெளிநாடு அனுப்ப எனக்குப் பூரண சம்மதம். இதனால் பின்னர் எந்த உரிமையும் கோரமாட்டேன். ஆறு வரிதான்.

அச்சுப்பொறியிலிருந்து தாளை உருவிக் கொடுத்தேன். அவர் அதை வெளிச்சத்தில் பிடித்து, பிழை இருக்கிறதா என்று எழுத்தெழுத்தாகப் பார்த்தார். இருந்தால் நல்லது என்று நினைத்தாரோ தெரியாது, இரண்டாம் தரமும் பார்த்தார். பிறகு பேனையைக் கேட்டு வாங்கிக் கையெழுத்துப் போட்டார்.