மண்சுவரில் ஓர் ஈரத்தாள்

ஷலாலியை யாராவது குறை சொன்னால் எங்கள் ஊர்க்காரர்கள் சண்டைக்கு வந்துவிடுவார்கள். நல்ல மனுஷன். பொய் கிடையாது, புறம் பேசுவது கிடையாது. ஆனால் அந்தச் சுவர் விஷயத்தில் அவர் செய்ததை நினைத்தால் இன்றைக்கும் வயிறு எரிகிறது. அவருக்கு எவ்வளவு எரிந்திருக்கும் என்று கேட்கவே வேண்டாம்.

எகிப்தின் தென்கோடியில், நூபியாவில், நைல் கரையோரம் எங்கள் ஊர். ஊரில் பிறந்த ஆண்களெல்லாம் கெய்ரோவுக்குப் போய்ச் சமையல்காரராகவும் வாசல்காவலராகவும் காலம் தள்ளினார்கள். ஷலாலி மட்டும் இருபது வயதில், பழைய கோயில் கல்வெட்டுகளைப் படியெடுக்க வந்த வெளிநாட்டுக்காரர்களோடு சேர்ந்துகொண்டார். தடித்த தாளைத் தண்ணீரில் நனைத்து, எழுத்து வெட்டிய கல்லின் மேல் ஒட்டி, முரட்டு பிரஷ்ஷால் தட்டித் தட்டி எழுத்துக் குழிகளுக்குள் அழுத்த வேண்டும். வெயிலில் காய்ந்தபின் உரித்தால் அத்தனை எழுத்தும் தாளில் புடைத்துக்கொண்டு நிற்கும். அதைப் பத்திரமாகச் சுருட்டிக் கடல் கடந்து கொண்டுபோய்விடலாம். முப்பது வருஷம் இதுதான் அவர் வேலை. ஷலாலி தட்டிய தாள் என்றால் வெள்ளைக்காரர்கள் மறுபடி சரிபார்க்க மாட்டார்கள்.

பக்கத்து வீட்டு ஃபன்னா இதைச் சொல்லியே அவர் மனைவி நப்ராவைச் சீண்டுவாள்.

"செத்துப்போன ராஜாவுக்கெல்லாம் உன் புருஷன் முதுகு தேச்சு விடறாரு. உனக்கு ஒருநாளாவது தேச்சாரா?"

"வீட்டுல இருந்தால்ல தேய்க்கறதுக்கு."

நப்ரா சிரித்துக்கொண்டேதான் சொல்வாள். ஆனால் அது வெறும் சிரிப்பில்லை என்று ஃபன்னாவுக்கும் தெரியும்.

அவர்களுக்கு ஒரே மகள், தாரியா. அவள் பிறந்தபோது அவர் ஊரில் இல்லை. ஆறு வயதில் தேள் கொட்டி அவள் செத்தபோதும் இல்லை. ஆற்றுவழியில் மூன்று நாள் தூரத்தில், ஏதோ ஒரு கோயில் சுவரில் தாள் ஒட்டிக்கொண்டிருந்தார். சேதி போய் அவர் வந்து சேர்வதற்குள், அவளை அடக்கிய கபரின் மேல் எங்கள் வழக்கப்படி வைத்த தண்ணீர்ச் சட்டி இரண்டு தடவை வற்றி, இரண்டு தடவை நிரப்பியாகிவிட்டது.

அவள் சாவதற்குக் கொஞ்ச நாள் முன்னால், அந்த வருஷப் பெருநாளுக்கு, நப்ரா ஆற்றுமண் குழைத்து வாசல் சுவரைப் பூசியிருந்தாள். பூச்சு காய்வதற்குள் தாரியா ஓடிவந்து ஈரத்தில் வலது கையை அழுத்திவிட்டு ஓடினாள். நப்ரா நாலு திட்டு திட்டிவிட்டு, அப்புறம் தடவிவிடலாம் என்று விட்டாள். தடவவில்லை. தாரியாவுக்குச் சுண்டுவிரல் கொஞ்சம் உள்பக்கம் வளைந்திருக்கும். அந்த வளைவுகூட அப்படியே பதிந்திருந்தது. அதற்கப்புறம் பதினொரு பெருநாள் வந்து போயிற்று. ஒவ்வொரு தடவையும் அந்த இடத்தை மட்டும் விட்டுவிட்டுப் பூசினாள். சுற்றிலும் பூச்சு ஏறி ஏறி, கை ஒரு சின்ன மாடத்துக்குள் இருப்பதுபோல ஆகிவிட்டது.

பிறகு அஸ்வானில் பெரிய அணை எழும்பியது. ஊர் முழுக்க முழுகப்போகிறது, கோம் ஓம்போ பக்கம் புது வீடு கட்டித்தருகிறோம், கிளம்புங்கள் என்றார்கள். வீட்டுக்கு வீடு எண் எழுதிவிட்டுப் போனார்கள். கோயிலென்றால் அறுத்துத் தூக்கிக்கொண்டு போக உலகமே திரண்டு வந்தது. எங்கள் வீடுகளை யார் அறுப்பார்கள்? ஷலாலி கடைசி மாதம் வீட்டோடு வந்து இருந்தார். கல்யாணமான நாளிலிருந்து ஒரு மாதம் சேர்ந்தாற்போல் அவர் வீட்டில் இருந்தது அப்போதுதான்.

"தாரியா வாப்பா, அந்தக் கையைச் சுத்திச் சுவரை வெட்டி எடுத்துரலாம்," என்றாள் நப்ரா. "ஃபன்னா வீட்டுல மரம் செதுக்கற வாய்ச்சி இருக்கு."

"வெறும் மண்ணு அது. கப்பல்ல ஏத்தி, ரயில்ல மாத்தி, போய்ச் சேர்றதுக்குள்ள பொடியாயிடும்."

"வைக்கோல்ல சுத்தி மடியில வெச்சுக்கறேன். வழியெல்லாம் கீழ வைக்கமாட்டேன்."

"நான் எதுக்கு இருக்கேன்? தாள்ல எடுத்துத் தர்றேன். நூறு வருஷத்துக்குக் கெடாது."

"மண்ணாச்சே. தண்ணி பட்டா தாங்குமா?"

"முப்பது வருஷமா இதைத்தானே பண்றேன், நப்ரா," என்றார். பிறகு குரல் இறங்கி, "அவளுக்குன்னு நான் ஒண்ணுமே செஞ்சதில்ல. இதையாவது செய்யறேனே," என்றார்.

அந்த வார்த்தைக்கு அப்புறம் அவள் வாய்ச்சி கேட்டு ஃபன்னா வீட்டுக்குப் போகவில்லை.

எங்கள் ஊரில் மழையே கிடையாது. சுவர் நனைந்து யாரும் பார்த்ததில்லை. ஆனால் மண் குழைக்கிற பெண்களுக்குத் தண்ணீர் பட்டால் மண் என்ன ஆகும் என்று தெரியும். ஷலாலி ஒருநாள்கூட மண் குழைத்தவரில்லை. அவர் கை தொட்டதெல்லாம் கல்.

மறுநாள் காலை வெயில் ஏறியதும் ஆரம்பித்தார். நாங்கள் ஏழெட்டுப் பேர் வேடிக்கை பார்க்க நின்றோம். தாளை நனைத்து, நன்றாக உதறி, மாடத்துக்குள் ஒட்டினார். பிரஷ்ஷை எடுத்து மெதுவாகத்தான் தட்டினார். உள்ளங்கை வந்துவிட்டது, கட்டைவிரல் வந்துவிட்டது. அத்தோடு விட்டிருக்கலாம். அந்தச் சுண்டுவிரலின் வளைவு சரியாக விழவேண்டும் என்று தாளின் மேல் இன்னும் கொஞ்சம் தண்ணீர் தெளித்துத் தட்டினார்.

தாள் பழுப்பாயிற்று. கல்லில் தூசி இருந்தாலும் அப்படி ஆகும், அவர் நிறுத்தவில்லை. பிறகு தாள் ஒரு பக்கமாகத் தொங்கியது. பிரஷ்ஷைப் போட்டுவிட்டு இரண்டு உள்ளங்கையாலும் சுவரோடு சேர்த்து அழுத்திப் பிடித்துக்கொண்டார். தாளுக்கு அடியிலிருந்து மண் கூழாக வழிந்து வாசற்படியில் விழுந்தது. ஃபன்னா முக்காட்டை இழுத்து வாயை மூடிக்கொண்டாள்.

"கையை எடுங்க," என்றாள் நப்ரா.

"எடுத்தா விழுந்துடும்."

"விழுந்தாச்சு. எடுங்க."

அவர் எடுக்கவில்லை. நிழல் வாசற்படியை விட்டு நகரும்வரை அப்படியே நின்றார். அப்புறம் அவளே வந்து அவர் மணிக்கட்டைப் பிடித்து விலக்கினாள். தாள் உரிந்து வந்தது. அதில் தெளிவாகப் பதிந்திருந்தவை இரண்டு பெரிய உள்ளங்கைகள். ஷலாலியின் கைகள்.

படியில் உட்கார்ந்து அந்த மனுஷன் அழுத அழுகையைச் சொல்ல எனக்கு மனமில்லை. "வெட்டியிருக்கலாம். நீ சொன்னே. வெட்டியிருக்கலாம்," என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தார். நப்ரா ஒரு சொல் கடிந்து பேசவில்லை. திட்டித் தீர்த்திருந்தாலாவது அவருக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும்.

கிளம்புகிற நாளில் எல்லாரும் வீட்டைப் பெருக்கி, கதவைப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டோம். கபர்களுக்குத் தண்ணீர் ஊற்றிவிட்டு ஆளுக்கொரு பிடி மண் முடிந்துகொண்டோம். கப்பலில் நப்ரா மடியில் ஒரு துணிமூட்டையோடு உட்கார்ந்திருந்தாள். கபர் மண் என்றுதான் ஷலாலியும் நினைத்தார். ஆனால் ஒரு பிடிக்கு அது ரொம்பப் பெரிய மூட்டை.

அவளே அவிழ்த்துக் காட்டினாள். வாசற்படியில் வழிந்து காய்ந்த மண். ஒரு துளி விடாமல் சுரண்டி எடுத்திருந்தாள், கட்டி கட்டியாக.

"நீங்க இந்த வேலையில ஊறினவரு," என்றாள். கோபமில்லாமல், தெரிந்தவரிடம் கேட்கிற மாதிரி கேட்டாள். "சொல்லுங்க. அவ கை இதுல எங்கயாவது இருக்கும்ல?"

ஷலாலி கட்டிகளை ஒவ்வொன்றாக எடுத்து, வெயிலில் சாய்த்துப் பிடித்து, திருப்பித் திருப்பிப் பார்த்தார். கரையில் எங்கள் ஊர் பின்னால் போய்க்கொண்டிருந்தது. எல்லாரும் எழுந்து நின்று பார்த்தார்கள். அவர் தலையைத் தூக்கவேயில்லை. கடைசிக் கட்டியையும் பார்த்துவிட்டு மூட்டையில் வைத்தார்.

"இருக்கும், நப்ரா," என்றார்.

அவள் மூட்டையை இறுக்கிக் கட்டிக்கொண்டாள். எந்தக் கட்டியில் என்று கேட்கவில்லை.