நாற்பத்தெட்டு நாள் கீரை

போன திங்கட்கிழமை என் வீட்டுக்காரருக்கு ஆஸ்பத்திரியில் வருடாந்திரப் பரிசோதனை. எடை குறைந்திருந்தால் சுரங்கத்துக்குள் இறங்க விடமாட்டார்கள். மேலே லேசான வேலைக்கு மாற்றுவார்கள். சம்பளமும் லேசாகிவிடும்.

அவரோ முருகனுக்கு நாற்பத்தெட்டு நாள் விரதத்தில் இருக்கிறார். மகளுக்கு டைபாய்டு தெளிந்ததற்கான வேண்டுதல். கறி, மீன், முட்டை கிடையாது. கேழ்வரகுக் களி, கொள்ளுக் குழம்பு, பேத்தமங்களாவிலிருந்து வரும் கீரை... அவ்வளவுதான்.

சுரங்கத் தொழிலாளர் குடியிருக்கும் எங்கள் லைனில் யார் இதை ஒப்புவார்கள்? ஒருவர் கீரை சாப்பிட்டால், உடம்புக்கு என்ன என்று விசாரிக்கிறார்கள்! நெஞ்சில் படிந்த கல் தூசியைக் கறிக் கொழுப்புதான் கரைக்கும் என்பது இங்கே எல்லோருக்கும் தெரிந்த வைத்தியம். சுரங்கத்துக்குள் இறக்கும் கேஜில் ஏறும்போது ஷிப்ட் ஆட்கள் இவர் கையைப் பிடித்துக்கொள்வார்களாம் — காற்றில் பறந்துவிடப் போகிறார் என்று.

பக்கத்து வீட்டு ராஜம்மா அக்கா ஒருநாள் மெதுவாகச் சொன்னார்:

"இன்னாம்மா, தம்பிக்குக் கன்னம் ஒட்டிப் போச்சே. எலும்ப வேக வெச்சு, அந்தத் தண்ணிய ரசத்துல ஊத்து. அவருக்குத் தெரியவா போவுது?"

அவருக்குத் தெரியாது. முருகனுக்கு?

ஆனாலும் பயம் யாரை விட்டது? பரிசோதனைக்கு நாலு நாள் முன்பு ஆண்டர்சன்பேட்டைச் சந்தையில் ஆட்டெலும்பு வாங்கி வந்தேன். மிளகு தட்டிப் போட்டுக் கொதிக்க வைத்தேன். ரசத்தில் ஊற்றக் கரண்டியும் எடுத்துவிட்டேன்... சுவரில் இருந்த படத்தைப் பார்க்க முடியவில்லை. பிள்ளையைப் பிழைக்க வைத்தவனையா ஏமாற்றுவது? பானையோடு தூக்கிப்போய் ராஜம்மா அக்காவிடம் கொடுத்துவிட்டேன். ஷிப்ட் முடிந்து வந்தவருக்குக் களியும் கீரையும்தான்.

திங்கட்கிழமை ஆஸ்பத்திரி வாசலில் கந்தனைக் கூப்பிட்டபடி நின்றேன். எடை போன வருடத்தைவிட ஒரு பவுண்டு அதிகம்! என்ன சாப்பிடுகிறாய் என்று டாக்டர் கேட்டாராம். இவர் சொன்னாராம். அதை விட்டுவிடாதே என்றாராம்.

கறியில் பலம் இல்லை என்று சொல்ல நான் யார்? விரதம் முடிந்ததும் எங்கள் வீட்டிலும் ஞாயிற்றுக்கிழமை கறிதான். ஆனால் கீரையை நோயாளிக்கு என்று ஒதுக்கினோமே — அது தப்பு.

அன்று சாயங்காலம் மனசு கேட்கவில்லை. எலும்பு விஷயத்தைச் சொல்லி அழுதுவிட்டேன். கோபிப்பார் என்று நினைத்தேன். அவர் சிரித்தார்.

"வூட்டுல நொழையும்போதே வாசனை வந்துச்சு. அன்னிக்கு ரெண்டு உருண்டை களி அதிகமாத் தின்னேனே... கீரை ருசியிலன்னா நெனச்சே?"