தேவகுமாரிக்கு முன்னால் நிற்பவள்

"அக்கா, கொஞ்சம் நகரு."

குனிந்து, தரையைப் பார்த்து இப்படிச் சொல்லிவிட்டுத்தான் தேவகுமாரி தன் முன்னால் கிடக்கும் கருப்புக் கல்லைக் காலால் மெல்லத் தள்ளுவாள். கல் ஓர் அடி முன்னேறும். அதற்குப் பிறகே அவள் ஓர் அடி எடுத்து வைப்பாள். அவளுக்கும் அவளுக்கு முன்னால் நிற்கும் சுற்றுலாக்காரருக்கும் நடுவில் எப்போதும் ஓர் ஆள் நிற்கும் அளவுக்கு இடம் காலியாகக் கிடக்கும். மே மாதக் கூட்டத்தில், ஒருவர் பிடரியில் இன்னொருவர் மூச்சு விட்டுக்கொண்டு நிற்கிற அந்த வரிசையில், அந்த ஓர் இடத்துக்குள் மட்டும் யாரும் புகுந்ததில்லை.

கொடைக்கானலிலிருந்து பூம்பாறை போகும் சாலையில், பைன் மரங்களுக்கு நடுவே இருக்கிறது மேகத்தோட்டம் என்ற கேளிக்கைப் பூங்கா. ராட்டினம் உண்டு, சறுக்கு உண்டு, ஆனால் கூட்டம் மொய்ப்பது பேய் ரயிலுக்கு. பெயருக்குத்தான் பேய். இருட்டுக் குகைக்குள் ஓர் அட்டை எலும்புக்கூடு, சிவப்பு பல்பு, ஒலிநாடாவில் ஒரு பெண் அலறல். நாடா தேய்ந்துபோய் அந்த அம்மா அலறும்போது நடுவில் இருமுவதும் கேட்கும். ரயில் ஐந்து நிமிஷத்தில் போய் வந்துவிடும். அதற்காக நிற்கும் வரிசையோ இரும்புக் குழாய்த் தடுப்புகளுக்குள் வளைந்து வளைந்து சரிவில் இறங்கிப் பனிக்குள் மறைந்துவிடும்.

அந்த வரிசையில் நிற்பதுதான் தேவகுமாரியின் தொழில். கோயம்புத்தூரிலிருந்தும் திருப்பூரிலிருந்தும் வரும் குடும்பங்கள் அவளை நிறுத்திவிட்டு மிளகாய் பஜ்ஜியும் சுட்ட சோளமும் தின்னப் போய்விடும். இடம் நெருங்கும்போது வந்து நுழைந்துகொள்ளும். இதில் அவளுக்கு ஒரு நேர்மை உண்டு. போய் நின்றதுமே பின்னால் நிற்பவரிடம், "எனக்குப் பதிலா அஞ்சு பேரு வருவாங்க சார், இப்பவே சொல்லிப்புட்டேன், பேந்து சண்டை புடிக்கக் கூடாது" என்று சொல்லிவிடுவாள். எல்லோருக்கும் அவள் 'லைன் அக்கா'.

நாற்பது தாண்டிய உடம்பு. ஆண்கள் போடும் காப்பிநிற ஸ்வெட்டர், காதை மூடிய மப்ளர், ரப்பர் செருப்பு. ஏரிக்கரைக் குதிரைகளைப் போல ஒரு காலை இளைப்பாற விட்டு மறு காலில் நிற்பாள். எவ்வளவு நேரமானாலும் உட்கார மாட்டாள். மத்தியானம் தேங்காய் ரொட்டியைப் பிட்டு, பாதியைத் தின்றுவிட்டு மீதிப் பாதியைக் காகிதத்தோடு கல்லுக்குப் பக்கத்தில் வைப்பாள். சற்று நேரத்தில் காகிதம் மட்டும் இருக்கும். குரங்குகள் நிறைந்த ஊர், அவற்றின் வேலையாகத்தான் இருக்கும்.

குரங்கு என்றுதான் குமாரவேலும் தனக்குத் தானே சொல்லிக்கொண்டான். பேய் ரயிலின் வாசற்கம்பியைத் தூக்கி ஆட்களை ஏற்றிவிடுபவன் அவன். பூம்பாறையில் பூண்டு போடும் குடும்பம், சம்பளம் நிச்சயம் என்று இங்கே வந்தவன். அட்டை எலும்புக்கூட்டுக்கு வாரம் ஒருமுறை வெள்ளையடிப்பதும் அவனே, ஆகையால் பேய்களிடம் அவனுக்கு மரியாதை குறைவு. ஆனால் தேவகுமாரி நிற்கும் நாட்களில் தலையை எண்ணி ஏற்றும்போது அவனுக்குக் கணக்கில் ஓர் ஆள் கூடிப்போகும். திரும்ப எண்ணினால் சரியாக இருக்கும். பனி கண்ணை மறைத்திருக்கும் என்று கம்பியைத் தூக்கிவிடுவான்.

ஒருநாள் திருப்பூர்க் குடும்பத்துப் பெண்குழந்தை ஒன்று, வரிசையில் அந்தக் காலி இடத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "அம்மா, இந்த அக்கா ஏன் செருப்புப் போடல?" என்று கேட்டது. குமாரவேல் தேவகுமாரியின் காலைப் பார்த்தான். ரப்பர் செருப்பு இருந்தது. குழந்தையின் கண் அங்கே இல்லை. தாய் சிரித்து மழுப்பப் பார்த்தாள். தேவகுமாரிதான் சாவகாசமாகப் பதில் சொன்னாள்.

"எங்க லயத்துல ஒருத்தருக்கும் செருப்பு கெடையாது பாப்பா."

அன்றைக்குச் சாயங்காலம் வரை குமாரவேல் ஒவ்வொரு ரயிலுக்கும் தலையை இரண்டு முறை எண்ணியே ஏற்றினான். மறுநாள் மழை, கூட்டமில்லை. நேராகவே கேட்டுவிட்டான்.

"யாருகிட்டக்கா பேசுறீங்க தெனமும்?"

"எங்க அக்காகிட்ட. ராஜகுமாரி." பக்கத்து வீட்டுக்காரியைப் பற்றிச் சொல்வது போலச் சொன்னாள்.

தேவகுமாரி பிறந்தது இலங்கையில், தேயிலைத் தோட்டத்து லயம் ஒன்றில். அங்கே வரிசை வீடுகளுக்கெல்லாம் சேர்த்துத் தண்ணீர் விழும் பீலி ஒன்றுதான். விடிவதற்குள் கொழுந்து பறிக்கப் போக வேண்டிய பெண்கள் பீலிக்கரையில் ஆளுக்கொரு கல்லை வரிசையில் வைத்துவிட்டு அடுப்பைப் பார்க்கப் போவார்கள். கல் இருந்தால் ஆள் இருப்பதாகக் கணக்கு. வரிசை நகரும்போது பின்னால் இருப்பவர் முன்கல்லையும் சேர்த்து நகர்த்த வேண்டும். எவ்வளவு பகை இருந்தாலும் ஒருத்தி கல்லை இன்னொருத்தி ஒதுக்க மாட்டாள்.

இரு நாட்டு ஒப்பந்தப்படி இந்தியாவுக்குப் போகச் சொல்லி அவர்களைத் தலைமன்னார்த் துறையில் கொண்டுவந்து நிறுத்தியபோதும் அந்தப் பழக்கமே கூட வந்தது. அப்பா இல்லாத வீடு. அம்மா மூட்டைகளோடு முன்வரிசைக்குப் போய்விட்டாள். பிள்ளைகள் இரண்டும் பின்னால். சின்னவள் தேவகுமாரிக்குத் தாகம். பத்து வயசு ராஜகுமாரி கரையில் கிடந்த ஒரு கருப்புக் கல்லை எடுத்துத் தன் இடத்தில் வைத்தாள்.

"'தங்கச்சி, என் கல்லப் பாத்துக்க, வெரசா தண்ணி எடுத்துட்டு வந்துர்றேன்'னு போனா. லைன் நகந்துச்சு. நானும் கல்லத் தள்ளித் தள்ளிக் கொண்டாந்துட்டேன். மேசைக்கிட்ட வந்தா, கல்லு வந்துருச்சு, அக்கா வரல. கல்லக் காட்டி, இதுதான் எங்க அக்கான்னு தொரகிட்டச் சொன்னேன். சிரிச்சிட்டு முத்திரை குத்தி உள்ள தள்ளிட்டாரு. கல்லையும் கையோட தூக்கிட்டு வந்துட்டேன்."

தண்ணீர் கேட்டவள் அப்போதே சத்தம் போட்டிருந்தால் கப்பலை நிறுத்தியிருப்பார்களோ என்னவோ. பிள்ளைக்கு அது தோன்றவில்லை. கல் இருந்தால் ஆள் இருப்பதாக அல்லவா அவளுக்குப் பழக்கம். அம்மா கப்பலேறிய பிறகுதான் கேட்டாள், பெரியவள் எங்கே என்று. அடுத்த கப்பலில் அனுப்புவார்கள் என்றார்கள். எத்தனையோ கப்பல் வந்தது. இந்த மலைமேல் பேரிக்காய்த் தோட்டத்தில் கூலி வேலைக்கு வந்து, அங்கேயே அம்மாவும் போய்ச் சேர்ந்தாள்.

"அதுக்காக இங்க எதுக்குக்கா நிக்கிறீங்க?" என்றான் குமாரவேல்.

"லைன விட்டுட்டுப் போனவ, லைன்லதானே தம்பி வந்து தேடுவா? எந்த லைன்னு அவளுக்கு எப்புடித் தெரியும்? ரேஷன் கடை, ஆஸ்பத்திரி, எல்லாத்துலயும் நின்னேன். இங்க நின்ன அன்னைக்குத்தான் வந்தா."

குமாரவேல் மழையில் நனைந்த வாசற்கம்பியைத் துடைக்கப் போய்விட்டான். மேலே கேட்காமல் இருந்தது நல்லது என்று இன்றைக்கும் நினைக்கிறான்.

குறிஞ்சி பூத்த 2006ஆம் வருஷம் மலை முழுக்க வண்டிகள். மேனேஜர் ஜெயச்சந்திரனுக்கு ஒரு யோசனை உதித்தது. கூடுதல் விலைக்கு எக்ஸ்பிரஸ் பாஸ், அதற்குத் தனி வழி. பாஸ் வைத்திருப்பவர் வரிசையைத் தாண்டி நேரே வாசலுக்கு வந்துவிடலாம். சுற்றுலாக்காரர்கள் இதற்கும் லைன் அக்காவிடமே வந்து யோசனை கேட்டார்கள். கூலிக்கு வரிசையில் நிற்பவளிடம், வரிசையில் நிற்காமலிருக்கும் சீட்டைப் பற்றி!

அவள் ஒளிவுமறைவில்லாமல் சொன்னாள். "வெள்ளனே வந்தா வேணாம் சார், லைனே இருக்காது. மழை நாள்லயும் வேணாம். கரண்டு போயிருச்சுன்னா ரயில நிறுத்திருவாங்க, பாஸ் வாங்குனவுகளும் வாங்காதவுகளும் ஒண்ணாத்தான் நிக்கணும். ஞாயித்துக்கெழம மத்தியானம், கைப்புள்ள வச்சிருந்தா வாங்குங்க. மத்தவுகளுக்குத் தெண்டம்."

கடைசியில் கொஞ்சம் குரல் இறங்கும். "முன்னாடி நிக்கிறவுகளப் பாத்துக்கிட்டே தாண்டிப் போகணும். அதுக்கு மனசு வந்தா வாங்குங்க."

அந்த ஞாயிற்றுக்கிழமை குறிஞ்சி பார்க்க வந்த கூட்டம் முழுவதும் மேகத்தோட்டத்தில் கொட்டியது. ரயில் வரும், பாஸ்காரர்கள் நிறைவார்கள், போகும். மறுபடி வரும், மறுபடி பாஸ்காரர்கள். வரிசை செத்த பாம்பாகக் கிடந்தது. பள்ளத்தாக்கிலிருந்து பனி ஏறி வந்து முதலில் பைன் மரங்களை விழுங்கியது, பிறகு தடுப்புக் கம்பிகளை. வரிசையில் நிற்பவர்களுக்குத் தங்கள் முன்னால் இருக்கும் முதுகு மட்டும்தான் தெரிந்தது. தேவகுமாரிக்கு முன்னால் அதுவும் இல்லை.

வாசற்கம்பிக்கு நாலைந்து அடி முன்னால் கருப்புக் கல் மத்தியானத்திலிருந்து நகரவில்லை.

"கால் வலிக்குதாக்கா?" என்று அவள் குனிந்து கேட்பது குமாரவேலின் காதில் விழுந்தது. பதிலைக் கேட்பவள் போலக் கொஞ்ச நேரம் அப்படியே இருந்தாள். நிமிர்ந்தபோது கண் கலங்கியிருந்தது. இத்தனை வருஷத்தில் அவள் கலங்கி அவன் பார்த்ததில்லை.

ஜெயச்சந்திரன் குடையோடு வந்தார். "ஏலே குமாரவேலு, லைன்ல கல்லு, சாக்கெல்லாம் எடுத்து வீசு. எடம் புடிக்கிற சோலியெல்லாம் இனிமே கெடையாது. நின்னா ஆளு நிக்கணும், இல்லன்னா பாஸ் வாங்கணும்."

குமாரவேல் தயங்கித் தயங்கிப் போய்க் கல்லைத் தொட்டான். கம்பி, சட்டை, புல் எல்லாம் பனியில் சொட்டச் சொட்ட நனைந்திருந்தன. கல் மட்டும் காய்ந்திருந்தது. சற்று முன்னால் வரை ஒருவர் கைக்குள் இருந்த சூடு அதில் இருந்தது. சட்டென்று கையை எடுத்துக்கொண்டான்.

"நீ எடுக்காத தம்பி. எவ்வளவு காலந்தான் அவளும் நிப்பா? நானே பாத்துக்கிறேன்," என்றாள் தேவகுமாரி.

முதலில், தான் யாருக்காக நின்றாளோ அந்தக் கோயம்புத்தூர்க் குடும்பத்தைக் கூப்பிட்டு இடத்தை ஒப்படைத்தாள். பிறகு கல்லை இரண்டு கையாலும் எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டு டிக்கெட் கூண்டுக்குப் போனாள். ஜெயச்சந்திரனே உள்ளே உட்கார்ந்திருந்தார். சேலை முந்தானை முடிச்சை அவிழ்த்து, "ஒரு பாஸ் குடுங்க" என்றாள்.

"நீ போகப் போறியா?" என்று சிரித்தார் அவர்.

"எனக்கில்ல. எனக்கு முன்னாடி நிக்கிறவளுக்கு."

பணம் நீட்டினால் யாருக்கு என்று குடைந்து கேட்கிற ஆள் இல்லை ஜெயச்சந்திரன். கிழித்துக் கொடுத்தார்.

தனி வழியில் அவள் நடந்து வந்தபோது குமாரவேல் வாசற்கம்பியைத் தூக்கினான். பாஸை வாங்கிக்கொண்டான். அவள் ரயிலின் முதல் இருக்கையில் கல்லை வைத்தாள். மப்ளரை அவிழ்த்து அதைச் சுற்றினாள். "கம்பியப் போடு தம்பி" என்றாள். காலி இருக்கையின் மேல் அவன் பாதுகாப்புக் கம்பியை இறக்கிப் பூட்டினான். பூட்டும்போது எதுவும் இடிக்கக் கூடாதே என்று பார்த்து இறக்கினான்.

"சீட்டு காலியாத்தானே கெடக்கு? எங்கள ஏத்துங்க!" என்றார் பின்னால் பாஸோடு நின்ற ஒருவர்.

"ஆள் இருக்கு சார்," என்றான் குமாரவேல். சொன்ன பிறகுதான் தான் சொன்னது அவனுக்கே உறைத்தது.

ரயில் குகைக்குள் போயிற்று. ஒலிநாடா அம்மா அலறினாள், இருமினாள். உள்ளே இருந்தவர்கள் கூச்சலும் சிரிப்புமாகக் கத்தினார்கள். நடுவில் ஒரு சிறு பெண்ணின் சிரிப்பும் கேட்டது. இந்த ரயிலில் குழந்தைகள் யாரையும் ஏற்றவில்லையே என்று குமாரவேல் யோசிப்பதற்குள் ரயில் வெளியே வந்துவிட்டது.

முதல் இருக்கையின் கம்பி பூட்டியபடியே இருந்தது. மப்ளர் கிடந்தது. கல் இல்லை. வளைவில் உருண்டு விழுந்திருக்கும். அப்படித்தான் அவன் இன்றும் சொல்கிறான், ஆனால் குகைக்குள் விளக்கு எடுத்துப் போய்த் தேட அவனுக்கு மனம் வரவில்லை. பூட்டைத் திறந்து கம்பியைத் தூக்கினான். இறங்குவதற்கு நேரம் கொடுப்பவன் போலத் தூக்கியபடியே வைத்திருந்தான்.

வெளியேறும் வழியில் தேவகுமாரி நின்றிருந்தாள். எத்தனையோ பேரை அந்த வாசலுக்கு அனுப்பியவள், அந்தப் பக்கம் வந்தது அன்றைக்குத்தான். மற்றவர்கள் எல்லாம் சிரித்துக்கொண்டே கடந்து போகும்வரை பொறுத்திருந்தாள். பிறகு வலது கையைத் தாழ்த்தி நீட்டினாள். விரல்கள் மெல்ல மூடிக்கொண்டன.

"வாக்கா, போவோம்."

வரிசையைத் திரும்பிப் பார்க்கவில்லை. பஸ் நிறுத்தத்துக்கு இறங்கும் சாலையில், கையைத் தாழ்த்தியபடியே, சின்னக் கால்களின் நடைக்கு ஏற்றாற்போல மெதுவாக நடந்தாள். பனிக்குள் பாதி மறைந்த இடத்தில், சாலை நடுவே மழைத் தண்ணீர் தேங்கிய பள்ளம் ஒன்று வந்தது. நின்றாள். மூடிய கையைச் சற்று உயர்த்திப் பிடித்து, பக்கத்தில் ஒருத்தி தாண்டும் வரை பொறுத்திருந்து, அதற்குப் பிறகே தான் தாண்டினாள்.