எந்த இடத்தில் நின்றது

ஒன்று என்று தட்டுகிறார். பதில் வருகிறது. இரண்டு. மூன்று. எங்கள் வெள்ளவத்தை மாடிவீட்டில் இணையம் நின்றால், என் கணவர் நாகேந்திரம் நிலத்தில் சப்பணமிட்டு, மடிக்கணினியில் இப்படி எண்ணித்தான் பிழை தேடுவார். கேபிளைத் தொடவே மாட்டார். எங்களுக்குப் பொறுமை போய்விடும். அவருக்குப் பால் விடாத ஒரு பிளேன்டீ போதும்.

இணையத்தில் போகும் ஒவ்வொரு தரவுப் பொதிக்கும் புறப்படும்போதே ஓர் எண் கொடுத்து விடுகிறார்களாம். வழியிலுள்ள ஒவ்வொரு ரவுட்டரும் அதில் ஒன்றைக் குறைக்கும். வழி தவறிய பொதி முடிவில்லாமல் சுற்றக் கூடாது என்பதற்காக இந்த ஏற்பாடு. அந்த எண்ணை வேண்டுமென்றே ஒன்று, இரண்டு என்று சிறிதாக வைத்து அனுப்பினால், எந்த ரவுட்டர்வரை வழி சரியென்று தெரிந்துவிடும்.

"சைபரானா அந்த ரவுட்டர் எறிஞ்சு போடும். ஆனா எறிஞ்சிட்டன் எண்டு அனுப்பின ஆளுக்குச் சொல்லும். மனுசர்தான் சொல்லமாட்டினம்."

யாரை நினைத்துச் சொன்னார் என்று எனக்குத் தெரியும். ஹெந்தளையிலிருக்கும் தங்கை றேணுகாவோடு ஆறு வருடமாகக் கதை பேச்சு இல்லை. தங்கை மகளின் கலியாணத்துக்கு இவர் வீம்பில் போகவில்லை. கோபம் ஆறிய பிறகும் நேரே போனில் கோல் எடுக்கவில்லை. அவர்கள் குடும்பத்தில் முதலில் எடுப்பவர் தோற்றவர். பிழை தன்னில்தான், வீட்டுக்கு வரச் சொல்லுங்கள் என்று தெஹிவளையிலிருக்கும் மாமி சீனியம்மாவிடம் தங்கைக்குச் சொல்லி அனுப்பினார். எட்டு மாதமாகப் பதில் இல்லை. தங்கை மன்னிக்கவில்லை என்று தானே முடிவுகட்டி, ஆள் பாதியாகிப் போனார்.

இன்று காலை நான்காவதைத் தட்டப் போனவர், கணினியை அப்படியே விட்டுவிட்டு மாமிக்குக் கோல் எடுத்து, தான் சொன்னது போய்ச் சேர்ந்ததா என்று கேட்டார். ஹெந்தளைக்கு அடிக்கடி போய்வரும் மருதானை மச்சான் நவரத்தினத்திடம் அன்றைக்கே சொல்லிவிட்டதாக மாமி சொன்னார். அடுத்தது நவரத்தினம்.

"நீங்களே கதைச்சிருப்பியள் எண்டு நினைச்சிட்டன் மச்சான்."

எனக்குத்தான் ஆத்திரம் வந்தது. இவருக்கோ முகமெல்லாம் சிரிப்பு. "அப்ப அவளுக்கு ஒண்டும் தெரியாது" என்று இரண்டு மூன்று தரம் சொன்னார். பார்க்கப் பாவமாகவும் இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது.

தங்கையின் நம்பரை மனப்பாடமாகத் தட்டினார். வெகுநேரம் மணி அடித்தது. "அண்ணாவோ?" என்ற குரல் எனக்கும் கேட்டது.

உட்கார்ந்திருந்த அண்ணன் எழுந்து நின்றார்.