அருளப்பன் வானத்துக் காகங்கள்

ராயபுரத்திலிருந்து எங்கள் பத்திரிகை அலுவலகத்துக்குத் தொலைபேசி வந்தபோது, அடுத்த வாரத் தொடர்கதையை எழுதிக்கொண்டிருந்தேன். ஓவியர் அருளப்பன் காலையில் தவறிவிட்டார் என்றார்கள். அந்த அத்தியாயத்துக்கும் படம் போட வேண்டியவர் அவர்தான். பேனாவை மூடிவிட்டேன். அன்று அதற்கு மேல் ஓடவில்லை.

அவரை அறிந்த உங்களுக்கு அவருடைய காகங்களையும் தெரிந்திருக்கும். எந்தப் படமானாலும் வானத்தில் இரண்டு மூன்று பறக்கும். எதற்காக என்று வாசகர்கள் கடிதம் போட்டுக் கேட்பார்கள். விஷயம் இதுதான். அவர் வீடு துறைமுகத்துக்குப் பக்கம். ஜன்னல் வழியே வரும் நிலக்கரித் தூள் ஈர வண்ணத்தில் விழுந்து ஒட்டிக்கொள்ளும். தேய்த்தால் காகிதமே கிழியும். அதனால் விழுந்த புள்ளிக்கு இரண்டு சிறகு வைத்துவிடுவார்.

முதன்முதலில் அப்படிச் செய்தது எங்கள் தீபாவளி மலரின் அட்டையில். அட்டை தேறினால் அவருக்கு நிரந்தர வேலை. இல்லையென்றால் மறுபடியும் துறைமுகத்தில் சரக்குப் பெட்டிகளுக்கு முகவரி எழுதப் போக வேண்டும். மொட்டைமாடியில் மத்தாப்புப் பிடித்த பெண், அந்தி வானம், மூன்று காகங்கள். ஆசிரியர் முகம் சுளித்தார்.

"நல்ல நாளும் அதுவுமா காக்காயா? நாம என்ன திவச மலரா போடறோம்?"

அருளப்பன் அசையவில்லை.

"தீவாளிக்கு எங்க தெருவுல வடை சுட்டா மொதல்ல வர்றது யாரு சார்? காக்கா தானே. வூட்டுக்கு வந்த விருந்தாளிய தொரத்த சொல்றீங்களே."

ஆசிரியர் சிரித்துவிட்டார். அட்டை அச்சேறியது, வேலையும் நிலைத்தது.

இனியும் வேலைக்கு மோசம் வரக்கூடாது என்று அவர் மனைவி ரோசம்மா தூள் விழாதபடி கொசுவலை கட்டி, அதற்குள் உட்கார்ந்து வரையச் சொன்னார். மனிதர் ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை.

"பேஜாரா கீது நைனா. காத்தும் வர்ல, காக்காவும் வர்ல" என்று என்னிடம் சொல்லிவிட்டு அவிழ்த்துப் போட்டார். பிறகு இத்தனை வருடமும் திறந்த ஜன்னலடியில் விசிலடித்துக்கொண்டேதான் வரைந்தார். பிடித்த வேலையைச் செய்து பிழைத்த மனிதர் அவர். எனக்கு அவர்மேல் கொஞ்சம் பொறாமைகூட உண்டு.

கடைசி நாட்களில் படுத்த படுக்கையானதும் கொசுவலை மறுபடி வந்தது. அதற்குள்ளேயே பலகையை மடியில் வைத்துக் கடலும் கட்டுமரமுமாக ஒரு படம் வரைந்திருக்கிறார். அடக்கம் முடிந்து கிளம்பும்போது ரோசம்மா அதை என் கையில் கொடுத்தார்.

"இதுல ஒரு காக்கா கூட இல்லண்ணா. அதான் ஒரு மாதிரியா கீது" என்றார். அதுவரை அடக்கி வைத்திருந்த அழுகை எனக்கு அப்போதுதான் வந்தது.

திருவொற்றியூரில் என் வீட்டு ஜன்னலருகே அந்தப் படத்தைக் கண்ணாடி போடாமல் மாட்டியிருக்கிறேன். ஜன்னலைச் சாத்துவதில்லை. நேற்றுக் காலை அந்த வானத்தில் கறுப்பாய் ஒரு தூள் உட்கார்ந்திருந்தது. என் மனைவி துடைக்கத் துணியோடு வந்தாள்.

"விடு" என்றேன். "அருளப்பன் வீட்டு விருந்தாளி."