ஆபத்தில்லாத பேச்சு

வடசென்னை எர்ணாவூர்க்காரிக்கு வானிலையைப் பற்றி ஆங்கிலத்தில் பேசக் கற்றுக்கொடுக்க ஒரு வகுப்பு நடந்தது என்றால் எங்கள் தெருவே சிரிக்கும். ஆனால் நடந்தது. எங்கள் பக்கத்திலேயே, துறைமுக வேலையாக வரும் வெளிநாட்டு இன்ஜினியர்கள் தங்கும் ஒரு விடுதியில் எனக்கு ரிசப்ஷன் வேலை கிடைத்திருந்தது. மூன்று மாதம் ஒழுங்காகப் பேசினால் நிரந்தரம். வீட்டில் அப்போது வேறு சம்பளம் இல்லை.

பயிற்சி கொடுத்தவர் நல்ல மனிதர்தான். விருந்தினரிடம் அரசியல் பேசாதே, மதம் பேசாதே, வெதர் பேசு என்றார். அதில் யாருக்கும் கோபம் வராதாம். மழைக்கும் வெயிலுக்கும் யாரும் பொறுப்பில்லையாம். 'லவ்லி டே, இஸின்ட் இட்?' என்று பாத்திரம் தேய்த்தபடியே சொல்லிப் பழகினேன். அந்த 'இஸின்ட் இட்' என் வாயில் நுழைவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது.

எங்கள் தெருவிலும் காலையில் எழுந்ததும் வானிலைதான் பேசுவோம். பக்கத்து வீட்டு அக்கா மாடியிலிருந்து குரல் கொடுப்பார். "காத்து நம்ம பக்கம் திரும்பிகினு கீது, துணிய எடுத்துடு." எடுக்காவிட்டால் அனல்மின் நிலையப் புகைபோக்கிச் சாம்பல் வந்து உட்கார்ந்துகொள்ளும். துணியை மறுபடி துவைக்கலாம். என் தங்கையின் நெஞ்சுக்குள் போனதை என்ன செய்வது? இதற்கு யாரும் பொறுப்பில்லை என்பதை மட்டும் என்னால் மனப்பாடம் செய்ய முடியவில்லை.

ஒருநாள் காலை ஒரு விருந்தினர் கண்ணாடிக் கதவு வழியே வெளியே பார்த்து, என்ன அழகான பனிமூட்டம் என்று ஆங்கிலத்தில் சொன்னார். மேனேஜர் பக்கத்தில் நின்றிருந்தார். ஆமாம் சார் என்று சிரித்து வைத்தால் போதும். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"நாட் மிஸ்ட் சார். ஆஷ்."

சொன்னதோடு நிற்கவில்லை. வாசலில் அவருக்காக நின்ற வெள்ளைக் காரின் கூரையில் விரலைத் தேய்த்து, சாம்பல் அப்பிய விரலை அவரிடம் காட்டினேன். அவர் காரில் ஏறிப் போய்விட்டார்.

மேனேஜர் என்னை உள்ளே கூப்பிட்டார். "இன்னாம்மா, வெதர் பேசச் சொன்னா வம்பு வளத்துகினு கீற? இன்னொரு தபா இப்டிப் பேசுனா வூட்டுக்குப் போய்டு."

"வெதர்தான் சார் பேசுனேன். எங்க ஊர்ல அதான் வெதரு."

வாய்தான் அப்படிச் சொன்னது. வேலை போனால் தங்கையின் மருந்துக்கு யாரிடம் போய் நிற்பது?

மறுநாள் காலை அதே விருந்தினர் இறங்கி வந்தார். என்னைப் பார்த்ததும் செல்போனை எடுத்து அதில் தலையைக் கவிழ்த்துக்கொண்டார். வெளியே முந்தின நாளைவிட மங்கலாக இருந்தது. மேனேஜர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். விருந்தினர் பேசாவிட்டால் நாம்தான் முதலில் பேச வேண்டும் என்றும் வகுப்பில் சொல்லியிருந்தார்கள். நான் எழுந்து நின்றேன். கற்றுக்கொடுத்த அதே சிரிப்போடு, ஒரு எழுத்துப் பிசகாமல் சொன்னேன்.

"குட் மார்னிங் சார். மோர் ஆஷ் டுடே, இஸின்ட் இட்?"